வினையின் வேர் தேடியவர்கள்

யாழ்ப்பாணத்து மொழியாராய்ச்சி வரலாறு – 9

சென்ற பகுதியில் அகராதிகளின் வரலாற்றைப் பார்த்தோம். 1842இல் மானிப்பாயில் அச்சேறிய யாழ்ப்பாண அகராதி 58,500 சொற்களைத் தொகுத்துத் தந்தது. நல்லூரில் யோசேப்பு நைற் பாதிரியார் தொடங்கிவைத்த சொற்றிரட்டு பல கைகள் மாறி, 1862இல் சென்னையில் வின்சுலோ அகராதியாக நிறைவெய்தியது. இரண்டும் சொல்லைத் திரட்டின, பொருளைச் சொல்லின. ஆனால் ஒரு சொல் எப்படி உருக்கொண்டது என்று சொல்வது அகராதியின் வேலைக்கு அப்பாற்பட்டது. அந்தக் கேள்வியைக் குடாநாட்டு அறிஞர்கள் கையிலெடுத்த கதையை இந்தப் பகுதியில் காண்போம்.

சொற்களுள் வினைச்சொல்லே இதற்குச் சரியான களம். பெயர்ச்சொல் கப்பலேறி வரும், சந்தையில் கைமாறும், ஆட்சி மாறினால் அதுவும் மாறும். வினைச்சொல்லின் உடலமைப்பு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. பகுதி எங்கே முடிகிறது, காலம் காட்டும் உறுப்பு எங்கே நிற்கிறது, தன்வினை பிறவினையாகும்போது எந்த எழுத்து திரிகிறது என்பவற்றில் ஒரு மொழியின் மிகப் பழைய அடுக்குகள் பதிந்து கிடக்கின்றன. உலகில் மொழிகளின் உறவைக் கண்டறிந்தவர்கள் முதலில் வினையைத்தான் பிரித்துப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்திலும் அதுவே நடந்தது.

தாதுவும் பகுதியும்

வடமொழி இலக்கணத்தார் வினையின் வேரைத் தாது என்றனர். பாணினி மரபில் வந்த தாதுபாடம் ஏறத்தாழ 2,000 தாதுக்களைப் பட்டியலிட்டு, அவற்றைப் பத்துக் கணங்களாகப் பிரிக்கிறது. பிரிவின் அடிப்படை எளியது: நிகழ்காலத்தில் தாதுவுக்கும் விகுதிக்கும் நடுவே என்ன வருகிறது? சிலவற்றில் ஓர் அகரம் வரும். சிலவற்றில் எதுவும் வராது. சிலவற்றில் தாதுவின் முதலெழுத்து இரட்டிக்கும். சிலவற்றில் 'நு', 'நா' போன்ற உறுப்புகள் வரும். ஒரு கணத்தில் மட்டும் 'ந' என்பது தாதுவுக்குள்ளேயே நுழைந்துவிடும். இந்தப் பத்துக் கணங்களை மனனம் செய்யாமல் அக்காலத்தில் எவரும் வடமொழி படித்ததில்லை.

தமிழில் இதற்கு நேரான உறுப்பைப் பகுதி என்கிறோம். நன்னூல் பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாகப் பிரித்தது. 'நட' முதல் 'அஃகு' ஈறாக 23 ஏவல் வினைகளை முன்மாதிரியாக நிறுத்தி, தமிழ் வினைப்பகுதிகள் எந்தெந்த எழுத்தில் முடியும் என்று வரையறுத்தது. வடமொழி வழியும் தமிழில் முயன்று பார்க்கப்பட்டதுண்டு. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் சொல்லதிகாரத்தில் தாதுப்படலம் என்றே ஒரு படலம் வைத்தது. 17ஆம் நூற்றாண்டில் சுப்பிரமணிய தீட்சிதரின் பிரயோகவிவேகம் இரு மொழி இலக்கணங்களையும் அருகருகே நிறுத்திப் பேசியது.

இந்த இரு நூல்களும் அச்சுக்கு வந்ததில் யாழ்ப்பாணத்தார் கை இருக்கிறது. பிரயோகவிவேகத்தை ஆறுமுக நாவலர் பரிசோதித்தார். வீரசோழியத்தைச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் பதிப்பித்தார். ஏட்டில் ஒடுங்கியிருந்த நூல்கள் மாணவர் கைக்கு வந்தபோது, தாது என்பதும் பகுதி என்பதும் ஒன்றா, வேறா என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதற்கு விடை காணும் பொறுப்பை அடுத்த தலைமுறை ஏற்றது.

சுன்னாகத்துப் புலவர்

சுன்னாகம் அ. குமாரசாமிப் புலவர் (1854–1922) அந்தத் தலைமுறையின் முதல்வர். முருகேச பண்டிதரிடம் தமிழ் கற்றவர். வடமொழியிலும் வல்லவர், இதோபதேசத்தைத் தமிழாக்கியவர், காளிதாசரின் மேகதூதத்தை மேகதூதக் காரிகையாகத் தந்தவர். ஏழாலையிலும் பின்னர் வண்ணார்பண்ணை நாவலர் பாடசாலையிலும் ஆசிரியராக இருந்தார். தொல்காப்பிய உரைகளுக்கு விளக்கக் குறிப்பெழுதிப் புகழ்பெற்ற புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் இவரிடம் பாடங்கேட்டவர்.

1913இல் புலவர் வெளியிட்ட நூல் வினைப்பகுபத விளக்கம். தமிழ் வினைச்சொல் எப்படி ஆகிறது என்பதையே தனிப் பொருளாகக் கொண்ட நூல் அது. இலக்கண நூல்களில் எழுத்து, சொல், பொருள் எனப் பல இயல்களுக்கு நடுவே ஓரிடத்தில் பேசப்பட்ட பொருளுக்கு ஒரு முழு நூலைத் தருவது அன்று துணிவான செயல்.

அந்தத் துணிவின் பயன் என்ன என்பதை ஒரு சிறு பயிற்சியால் உணரலாம். 'அழி' என்ற பகுதியை எடுங்கள். அழிந்தான், அழிகிறான், அழிவான் என்று ஒரு வரிசை வரும். அழித்தான், அழிக்கிறான், அழிப்பான் என்று மற்றொரு வரிசை வரும். பகுதி ஒன்றே, ஆனால் முதல் வரிசை தன்வினை, இரண்டாவது பிறவினை. இப்போது 'திருந்து' என்பதை எடுங்கள். திருந்தினான் தன்வினை. பிறவினைக்குப் பகுதியே 'திருத்து' என்று மாறிவிடுகிறது. அடங்கு, அடக்கு, திரும்பு, திருப்பு, ஆடு, ஆட்டு எல்லாம் அப்படியே. ஓரினத்தில் வேறுபாடு பகுதிக்கு வெளியே நிற்கிறது. மற்றோரினத்தில் பகுதிக்குள்ளேயே புகுந்திருக்கிறது. ஒரு வினையைத் தனியே பார்த்தால் இது தெரியாது. வினைகளை வகைவகையாக நிரல்படுத்தி அருகருகே வைத்தால்தான் தெரியும். நிரல்படுத்துவதே ஆராய்ச்சியின் முதற்படி. குமாரசாமிப் புலவரின் மரபு நமக்கு ஈந்த கொடை அது.

மேற்கே நடந்த தேடல்

இதே தேடலில் ஐரோப்பாவில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் நம்மவரின் வேலையை எடைபோட முடியும். 1786 பெப்ரவரி 2ஆம் நாள் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் முன் பேசிய வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் வினைவேர்களிலும் இலக்கண உருவங்களிலும் ஒத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது, அவை ஒரே ஊற்றிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்றார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1816இல், ஃபிரான்ஸ் பொப் என்ற ஜெர்மன் இளைஞர் அதை நிறுவிக் காட்டினார். அவருடைய நூலின் பொருள் சமஸ்கிருத வினைத்திரிபு. அதைக் கிரேக்க, இலத்தீன், பாரசீக, ஜெர்மானிய வினைகளோடு ஒப்பிட்டார். இந்தோ ஐரோப்பிய மொழியியல் பிறந்ததே வினைப்பகுபத ஆராய்ச்சியாகத்தான்.

பொப் இன்னொரு கேள்வியும் கேட்டார். இந்த உறுப்புகள் எங்கிருந்து வந்தன? வினையின் இறுதியில் நிற்கும் விகுதிகள் ஒருகாலத்தில் நான், நீ என்ற இடப்பெயர்களாகத் தனித்து நின்றவை. காலம் காட்டும் சில உறுப்புகள் 'இரு' என்ற பொருள் கொண்ட துணைவினைகள். அவை ஒட்டி ஒட்டித் தேய்ந்து இன்றைய உருவை அடைந்தன என்பது அவர் விடை. அவர் சொன்னவற்றுள் பல பின்னர் தள்ளப்பட்டன, சில நிலைத்தன. தமிழுக்கு இந்த விடை நன்றாகவே பொருந்தியது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல், வந்தேன் என்பதில் நிற்கும் 'ஏன்' தன்மைப் பெயரோடு உறவுடையது என்று காட்டியபோது, பொப்பின் வழியைத்தான் பின்பற்றினார்.

ஆயினும் இந்தத் துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு 1878 டிசம்பரில் லைப்சிக் நகரில் வெளிவந்தது. எழுதியவர் ஃபெர்டினான்ட் டி சசூர், ஜெனீவாவில் பிறந்தவர், அப்போது வயது 21. அவர் கையிலெடுத்தது பாணினியின் கணங்கள். அதை நம் காதுக்குப் பழகிய சொற்களைக் கொண்டே விளக்கலாம்.

'யுஜ்' என்ற தாதுவுக்கு இணைத்தல் என்று பொருள். யோகம், யுக்தி முதலியன இதன் வழி வந்தவை. நிகழ்காலத்தில் இதன் உரு 'யுனக்தி'. தாதுவின் உகரத்துக்கும் இறுதி மெய்க்கும் நடுவே 'ந' நுழைந்திருக்கிறது. இலத்தீனிலும் இப்படியே: நுகத்தடிக்குப் பெயர் 'யுகும்', அதில் மெல்லெழுத்து இல்லை, இணைக்கிறேன் என்பதற்கு 'யுங்கோ', அதில் மெல்லெழுத்து உண்டு. ஆகவே இந்த நுழைவு மிகப் பழையது.

இனி 'பூ' என்ற தாது. தூய்மையாக்குதல் என்பது பொருள். நிகழ்காலத்தில் 'புனாதி'. பாணினி மரபு இதை வேறொரு கணத்தில் வைத்து, 'நா' என்ற உறுப்பு தாதுவுக்குப் பின்னே வருகிறது என்று கொண்டது. 'ச்ரு', அதாவது கேட்டல், சுருதி என்ற சொல்லுக்கு மூலம், அதன் நிகழ்காலம் 'ச்ருணோதி'; அது இன்னொரு கணம். சசூர் மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். யுஜ் என்பதில் 'ந' இறுதி ஒலிக்கு முன்னே நுழைவது போல, ச்ரு என்பதிலும் இறுதி உகரத்துக்கு முன்னே நுழைகிறது. அப்படியானால் பூ என்பதிலும் ஓர் இறுதி ஒலிக்கு முன்னேதான் நுழைந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இறுதி ஒலி கண்ணுக்குத் தெரியவில்லை. அது மறைந்துவிட்டது, மறையும்போது தன் சுவட்டை விட்டுச் சென்றது என்றார் அவர். 'பூத', அதாவது தூய்மை பெற்ற, என்பதில் ஊகாரத்தின் நீட்சி அந்தச் சுவடு. புனாதி என்பதில் ஆகாரத்தின் நீட்சி அந்தச் சுவடு. பவித்திரம் என்பதில் 'பவ்' என்பதற்குப் பின் வரும் இகரமும் அதே சுவடு.

தமிழர் நாள்தோறும் சொல்லும் இரண்டு சொற்கள் இந்தக் கண்டுபிடிப்பின் இரு பக்கங்களைக் காட்டுகின்றன. பவித்திரம் மெல்லெழுத்து நுழையாத வேரிலிருந்து வந்தது. புனிதம் மெல்லெழுத்து நுழைந்த நிகழ்கால அடியிலிருந்து வந்தது. பொருள் ஒன்று, வேர் ஒன்று, அடி இரண்டு.

மறைந்த ஒலி என்று சசூர் சொன்னதை அன்று பலர் நம்பவில்லை. எந்த மொழியிலும் கேட்டிராத ஒலியைக் கணக்கால் நிறுவுவது அவர்களுக்கு ஏற்புடையதாக இல்லை. துருக்கியின் போகாஸ்கோயில் 1906இல் தொடங்கிய அகழ்வில் களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் உள்ள ஹிட்டைட்டு மொழி இந்தோ ஐரோப்பிய மொழியே என்று 1915இல் ஹ்ரோஸ்னி என்ற அறிஞர் அறிவித்தார். 1927இல் போலந்து அறிஞர் குரிலோவிச், சசூர் சொன்ன மறைந்த ஒலிகளில் சில ஹிட்டைட்டில் 'ஹ' போன்ற ஒலியாக எஞ்சி நிற்பதைச் சுட்டிக்காட்டினார். எலும்புக்கு வடமொழியில் அஸ்தி, கிரேக்கத்தில் ஒஸ்தியோன், ஹிட்டைட்டில் ஹஸ்தாய். முதலில் நின்று மறைந்த ஒலி அங்கே உயிரோடு இருந்தது. இதைக் காண சசூர் இல்லை. அவர் 1913இல் காலமானார். சுன்னாகத்துப் புலவரின் வினைப்பகுபத விளக்கம் வெளிவந்த ஆண்டும் அதுவே.

இவ்வளவு விரிவாக இதைச் சொல்லக் காரணம் உண்டு. சசூரின் வெற்றி ஒலியொப்புமையால் வந்ததன்று. ஒரே மொழியின் வினைகளை நிரல்படுத்தி, அந்த நிரலில் எங்கே இடைவெளி விழுகிறது என்று பார்த்ததால் வந்தது. முறைமைதான் சான்று. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நல்லூருக்கு வருவோம்.

நல்லூர்ச் சுவாமி

சுவாமி ஞானப்பிரகாசர் 1875இல் மானிப்பாயில் பிறந்தார். பிள்ளைப் பெயர் வைத்திலிங்கம். கத்தோலிக்கராக வளர்ந்து, அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து, 1901இல் குருவானவரானார். நல்லூரில் இருந்து பணியாற்றிய காலமே அவர் வாழ்வில் பெரிது. யாழ்ப்பாண வரலாற்றை ஆராய்ந்து 1928இல் அவர் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை இன்றும் வரலாற்றாசிரியர்கள் எடுத்தாள்கிறார்கள். பல மொழிகளைக் கற்றிருந்தார். கற்ற மொழிகளையெல்லாம் தமிழோடு வைத்து ஒப்பிட்டார்.

அந்த ஒப்பீட்டின் முடிவு சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி. 1938இலிருந்து பகுதி பகுதியாக வெளிவந்தது. ஒரு தமிழ் வேரை எடுத்து, அதிலிருந்து கிளைத்த தமிழ்ச் சொற்களைத் தொகுத்து, ஏனைய திராவிட மொழிகளின் இணைச்சொற்களைத் தந்து, இந்தோ ஐரோப்பிய மொழிகளிலும் அதே வேர் இருப்பதாகக் காட்டுவது அதன் போக்கு. தமிழ் வேர்கள் எல்லாம் சுட்டொலிகளான சில உயிரெழுத்துகளிலிருந்து முளைத்தவை என்பதும், திராவிடரும் இந்தோ ஐரோப்பியரும் பேசிய மொழிகளுக்குப் பொதுவான ஆதி உண்டு என்பதும் அவருடைய கொள்கை. 1947 ஜனவரியில் அவர் மறைந்தபோது அகராதி முற்றுப்பெறாமல் நின்றது.

சுட்டொலியிலிருந்து வேரைக் காணவேண்டும் என்று ஒரு யாழ்ப்பாணத்தார் நினைத்ததில் வியப்பில்லை என்பது என் எண்ணம். தமிழகப் பேச்சில் அவன், இவன் என இரண்டே எஞ்சிவிட்டன. குடாநாட்டில் உவன், உது, உங்கை என்பன இன்றும் நாவில் இருக்கின்றன. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள இடத்தை ஒரு தனி உயிரெழுத்தால் காட்டும் பேச்சில் பிறந்து வளர்ந்தவருக்கு, உயிரெழுத்தே திசையையும் தூரத்தையும் தாங்கும் என்பது ஏட்டறிவாக மட்டும் இருந்திருக்காது. பின்னாளில் தமிழகத்தில் தேவநேயப் பாவாணர் இதே திசையில் சென்று, உகரச் சுட்டையே முதல் வேராக நிறுத்தினார். 1974இல் அவர் தலைமையில் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு முன்னோடி என்று நல்லூர் அகராதியைச் சொல்வது தகும்.

கொள்கையின் சோதனை

ஞானப்பிரகாசரின் உழைப்பை வணங்குகிறேன். அவருடைய முடிவை ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை வினையைக் கொண்டே சொல்கிறேன். அவரும் அதையே விரும்பியிருப்பார்.

இந்தோ ஐரோப்பியத்தில் வினைக்குள் மெல்லெழுத்து நுழைவதைப் பார்த்தோம். தமிழிலும் திருந்து, அடங்கு, திரும்பு என்று வினைக்குள் மெல்லெழுத்து நிற்கிறது. ஒலியை மட்டும் பார்ப்பவர் உடனே இரண்டையும் முடிச்சுப் போடுவார். யுங்கோ, அடங்கு என்று அருகருகே எழுதினால் கண்ணுக்கும் ஒத்தே தெரியும். பொருளைப் பாருங்கள். ஹிட்டைட்டில் 'ஹர்க்' என்றால் அழிதல். மெல்லெழுத்து நுழைந்து 'ஹர்னின்க்' ஆனால் அழித்தல். அங்கே மெல்லெழுத்து தன்வினையைப் பிறவினையாக்குகிறது. தமிழில் மெல்லெழுத்து உள்ள 'அடங்கு' தன்வினை. அது போய் வல்லெழுத்து இரட்டித்த 'அடக்கு' பிறவினை. ஒரே ஒலி, நேர் எதிரான வேலை.

பிறப்பும் வேறு. தமிழிலுள்ள இந்த இணைகளுக்குத் திராவிட மொழியியலார் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தந்த விளக்கம் மிகத் தெளிவானது. மேலே கண்ட அழிந்தான், அழித்தான் என்ற இணையில் 'ந்த்', 'த்த்' என்பவை காலத்தையும் தன்வினை பிறவினை வேறுபாட்டையும் ஒருங்கே காட்டுகின்றன. மிகப் பழைய காலத்தில் இத்தகைய உறுப்புகள் சில, காலம் காட்டும் ஆற்றலை இழந்து பகுதியோடு ஒன்றிப்போயின. திருந்து, திருத்து என்பவை அப்படி உறைந்துபோன வடிவங்கள். அதாவது தமிழ் மெல்லெழுத்து பகுதிக்குப் பின்னே நின்று, பின்னர் பகுதியோடு இறுகியது. இந்தோ ஐரோப்பிய மெல்லெழுத்து, நாம் எட்டிப் பார்க்கக்கூடிய மிகப் பழைய நிலையிலேயே வேருக்குள் நிற்கிறது. இரண்டு வழிகள் இரண்டு இடங்களிலிருந்து வந்து ஒரு சந்தியில் அருகருகே நிற்பது போன்றது இது. சந்தித்ததால் ஒரே வழி ஆகிவிடாது.

சொல்லுக்குச் சொல் ஒலி ஒத்திருப்பதை மட்டும் தேடினால் உலகின் எந்த இரண்டு மொழிகளுக்கும் நூறு ஒப்புமை காட்டலாம். ஒலி மாற்றம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப நிகழ வேண்டும். உறுப்பின் வேலையும் ஒத்திருக்க வேண்டும். திரிபு வரிசை முழுவதும் பொருந்த வேண்டும். நல்லூர் அகராதியின் இந்தோ ஐரோப்பிய ஒப்பீடுகள் இந்தச் சோதனையில் நிற்கவில்லை. அதனால்தான் மொழியியல் உலகம் அவற்றை ஏற்கவில்லை. ஆனால் அந்த அகராதி தமிழ்ச் சொற்களைப் பொருட்குடும்பங்களாகச் சேர்த்து வைத்த முறை வேறு விடயம். பரோவும் எமனோவும் 1961இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதிக்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, தமிழ்ச் சொற்களை வேரின்படி குடும்பம் குடும்பமாக அடுக்க வேண்டும் என்று நல்லூரில் ஒருவர் தனியாளாக இறங்கினார். அந்தப் பெருமை அவருக்கு என்றும் உரியது.

உறவு எங்கே இருக்கிறது

இந்தோ ஐரோப்பிய வினையடிக்கும் யாழ்ப்பாணத் தமிழுக்கும் உறவே இல்லையா என்று வாசகர் கேட்கலாம். உண்டு. அது பிறப்பால் வந்த உறவன்று, பழக்கத்தால் வந்த உறவு. அதைக் காண நூலகத்துக்குப் போகத் தேவையில்லை. வீட்டுப் பேச்சே போதும்.

"இந்தப் பேனையை ஆர் பாவிக்கிறது?" என்கிறோம். 'பாவி' என்ற இந்த வினைக்கு மூலம் வடமொழியின் 'பாவய'. 'பூ', அதாவது ஆதல், என்ற தாதுவின் பிறவினை அடி அது (தூய்மையாக்குதலைக் குறித்த 'பூ' வேறு தாது). ஆங்கிலத்தில் இருத்தலைக் குறிக்கும் 'பி' என்ற வினைக்கும் இலத்தீனில் இருந்தேன் என்ற பொருள்தரும் 'ஃபுயீ' என்பதற்கும் அதுவே வேர். 'யோசி' என்கிறோம், மேலே பார்த்த யுஜ் என்ற தாதுவின் வழி வந்தது. 'ஸ்தாபி' என்பது 'ஸ்தா', அதாவது நிற்றல், என்பதன் பிறவினை அடியான 'ஸ்தாபய' என்பதிலிருந்து வந்தது.

இங்கே வரும் 'அய' என்ற உறுப்பு இந்தோ ஐரோப்பியத்தின் பழைய பிறவினை உறுப்பு. ஜெர்மானிய மொழிகளிலும் அது இருந்தது. தேய்ந்து மறைந்தாலும் தடயம் விட்டது. ஆங்கிலத்தில் உட்காருவதற்கு 'சிற்' என்றும் உட்காரவைப்பதற்கு 'செற்' என்றும் உயிரெழுத்து மாறுவது அந்த உறுப்பின் விளைவு. நாம் இரு, இருத்து என்று சொல்வதை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அந்த உறுப்பு தமிழுக்குள் நுழைந்தபோது வெறும் இகரமாகச் சுருங்கியது. நுழைந்த பின் தமிழ் அதைத் தன் சட்டத்துக்குள் கொண்டுவந்தது: பாவித்தான், பாவிக்கிறான், பாவிப்பான். அழித்தான், அழிக்கிறான், அழிப்பான் என்ற வரிசையில் அப்படியே போய் அமர்ந்துகொண்டது. வடமொழியின் பிறவினை தமிழின் பிறவினை வகுப்பில் சேர்ந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. இரண்டு மொழிகளையும் அறிந்த நாவு செய்த பொருத்தம் அது.

குடாநாட்டுப் பேச்சு இன்னும் ஒருபடி மேலே சென்றது. கதை என்ற வடமொழிப் பெயரை எடுத்து, அதையே பகுதியாக்கி, 'கதைக்கிறான்' என்று தன் அன்றாட வினையைப் படைத்துக்கொண்டது. பேசுகிறான் என்பது எங்கள் வீடுகளில் பெரும்பாலும் ஏசுவதைக் குறிக்கும்; உரையாடுவதற்குக் கதைத்தலே சொல். பெயரிலிருந்து வினையடி உண்டாக்கும் ஆற்றல் இந்தோ ஐரோப்பியத்திலும் உண்டு, தமிழிலும் உண்டு. இங்கே பொருள் அவர்களுடையது, சட்டம் நம்முடையது. மொழிகள் ஒன்றையொன்று வளர்த்த வரலாறு இதில் இருக்கிறது. ஆதியில் ஒன்றாயிருந்தோம் என்று நிறுவுவதைவிட, பல நூற்றாண்டுகள் அருகருகே வாழ்ந்து ஒருவர் வினையை ஒருவர் எடுத்தாண்டோம் என்று காட்டுவது உறுதியான சான்றுகள் உள்ள பணி.

தொடர்ந்தவர்களும் எஞ்சிய பணியும்

ஞானப்பிரகாசருக்குப் பின் இந்த ஆராய்ச்சி இரு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளை பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது. 7ஆம், 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்ற க. கணபதிப்பிள்ளை, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். ஆ. வேலுப்பிள்ளையின் தமிழ் வரலாற்றிலக்கணம் 1966இல் வந்தது. வினை வடிவங்கள் காலந்தோறும் மாறிய வகையை அது சான்றுகளோடு காட்டியது. சு. சுசீந்திரராசா யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை நவீன மொழியியல் முறையில் விவரித்தார். மற்றக் கிளை சொற்பிறப்பு ஆராய்ச்சியாகக் கத்தோலிக்கக் குருமாரிடையே நீடித்தது. பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அவ்வழியில் உழைத்தவர். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் அவர் உயிர் நீத்தார். அந்தத் தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. சொற்பிறப்பு ஆராய்ச்சிக்கு நூலும் ஏடும்தான் கருவி. அந்த இழப்பின் அளவை இன்னொரு துறையார் இவ்வளவு நெருங்கி உணர்ந்திருக்க முடியாது.

இந்தப் பகுதியை ஒரு தீர்ப்போடும் ஒரு வேண்டுகோளோடும் முடிக்கிறேன். வினையின் வேரைத் தேடிய இருவருள் நல்லூர்ச் சுவாமி பெரிய கேள்வியைக் கேட்டார். சுன்னாகத்துப் புலவர் சரியான வழியைத் தொடங்கிவைத்தார். கேள்வியின் பெருமையில் வழியை மறந்துவிட்டோம். ஞானப்பிரகாசரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வினைப்பகுபத விளக்கத்தின் பெயரையே இன்றைய தமிழ் மாணவர் பலர் கேட்டதில்லை.

தமிழ் லெக்சிக்கன் யாழ்ப்பாண வழக்கைத் தனிக் குறியிட்டுப் பதிவுசெய்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அதன்பின் பேச்சு மாறியிருக்கிறது. இடப்பெயர்வும் புலப்பெயர்வும் அதை இன்னும் வேகமாக மாற்றியிருக்கின்றன. வெளிக்கிடு, கதை, பாவி என்று நாம் வழங்கும் வினைகளை வடமராட்சி, தென்மராட்சி, வலிகாமம், தீவகம் எனப் பகுதிவாரியாக, திரிபு வரிசையோடு, தன்வினை பிறவினை இணைகளோடு பதிவுசெய்யும் ஒரு தொகுப்பு இன்று வேண்டும். பள்ளி ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்தால் செய்யக்கூடிய வேலை இது. மூத்தவர்கள் உள்ள வீட்டார் ஒவ்வொருவரும் இதற்கு உதவலாம். அவர்கள் வாயில் வரும் வினைகளை, எந்தக் காலத்துக்கு எந்த உரு என்று, சொன்னபடியே எழுதி வையுங்கள். திருத்தாமல் எழுதுங்கள்.

அடுத்த பகுதியில்: புன்னாலைக்கட்டுவன் கணேசையரின் தொல்காப்பியக் குறிப்புகளும் சுன்னாகம் திருமகள் அழுத்தகமும்.

(தொடரும்)